கடைசியாக நகர்ந்தது எந்தக் காய்? வித்தியாசமான செஸ் புதிர்கள்

கட்டம்64 | வெள்ளி, இரவு 10.50

"வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்." செஸ் புதிர் என்றால் நம்மில் பலருக்கு இந்த ஒரு வகைதான் தெரியும். எனக்கும் கல்லூரி முடியும்வரை அப்படித்தான். நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பழைய செஸ் இதழில் முதல்முறையாக வேறு மாதிரிக் கேள்வி ஒன்றைப் பார்த்தேன்: "கறுப்பு கடைசியாக எந்தக் காயை நகர்த்தியது?" அடுத்து என்ன செய்வது என்று கேட்கவில்லை, இதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டது. அன்று மதியம் சாப்பிடவே போகவில்லை.

அந்தப் பித்து இன்னும் போகவில்லை. கூட ஆள் வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். தமிழில் தட்டுவதால் பலகையின் எட்டு நெட்டுக் கோடுகளை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றே எழுதுகிறேன், கூட வரும் எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசை. 1.இ4 என்றால் முதல் நகர்த்தலில் சிப்பாய் இ4-க்குப் போகிறது. காய்களுக்கு எங்கள் வீட்டில் சொல்லும் பெயர்கள்: ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய்.

முதல் புதிர். வெள்ளைக்கு இ6-ல் ராஜா, ஏ2-ல் ராணி. கறுப்புக்கு இ8-ல் ராஜா, ஏ8-ல் யானை, ஏ7-லும் சி7-லும் சிப்பாய்கள். வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட். பார்க்க வழக்கமான புதிர் மாதிரி இருக்கும். கறுப்பு காஸ்லிங் (இதுவரை நகராத ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதுதான் விஷயம் பிடிபடும்.

இரண்டாம் புதிர். ஒரு ஆட்டம் 1.இ4 என்று தொடங்குகிறது. ஐந்தாவது நகர்த்தலில் குதிரை யானையை வெட்டி மேட். நடுவில் என்ன நடந்தது? பலகையும் படமும் தேவையில்லை, இந்த இரண்டு வாக்கியங்கள்தான் புதிர்.

தெரிந்தவர்கள் ஞாயிறுவரை விடையைப் போட வேண்டாம், தயவுசெய்து.

சிப்பாய் | வெள்ளி, இரவு 11.35

அண்ணே, முதல் புதிரில் ராணியை ஏ1-க்குக் கொண்டு போனேன். அடுத்து எச்8-ல் மேட். ராஜா டி8 போனாலும் எஃப்8 போனாலும் அதே எச்8-ல் மேட்தான், ஏழாவது வரிசையை நம் ராஜா அடைத்துவிடுகிறது. ஆனால் கறுப்பு ராணிப்பக்கம் காஸ்லிங் செய்துவிட்டால் ராஜா சி8, யானை டி8. அப்போது எச்8-ல் போய் நின்றால் யானை ராணியை வெட்டிவிடும். அப்படியென்றால் ஏ1 தப்புதானே?

பின்னிரவு | சனி, காலை 6.10

சிங்கப்பூரிலிருந்து வணக்கம். ஏ1 சரிதான் தம்பி. கறுப்பு காஸ்லிங் செய்ய முடியாது.

இப்போது வெள்ளையின் முறை. அப்படியானால் இதற்கு முன் நகர்ந்தது கறுப்பு. அது எதை நகர்த்தியிருக்கும்? ஏ7, சி7 சிப்பாய்கள் இரண்டும் பிறந்த இடத்திலேயே நிற்கின்றன. சிப்பாய் பின்னால் போகாது, ஆகவே அவை ஒருமுறைகூட நகரவில்லை. மீதி இருப்பது ராஜாவும் யானையும். இரண்டில் எது நகர்ந்திருந்தாலும் காஸ்லிங் உரிமை போய்விட்டது.

ஒரு குறை சொல்லலாமா? விடை ஒன்றல்ல, மூன்று. ராணி பி2 போனாலும் அதே மேட், எச்2 போனாலும் அதே மேட்.

சிப்பாய் | சனி, காலை 7.05

இதை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு சந்தேகம். கறுப்பு கடைசியாக ஒரு பிஷப்பையோ குதிரையையோ நகர்த்தி, அதை வெள்ளை வெட்டியிருந்தால்?

பின்னிரவு | சனி, காலை 7.20

சரியான கேள்வி. வெட்டியிருந்தால் அது வெள்ளையின் நகர்த்தல், அதற்குப் பிறகு கறுப்பு இன்னொன்று ஆடியிருக்க வேண்டும். நாம் தேடுவது அந்த இன்னொன்றைத்தான். அதை ஆடிய பிறகு வெள்ளை இன்னும் கை வைக்கவில்லை, ஆகவே ஆடிய காய் இப்போதும் பலகையில் இருந்தாக வேண்டும்.

கட்டம்64 | சனி, காலை 8.30

பின்னிரவு சொன்ன குறை நியாயம். ராணியை நான் தோராயமாக வைத்துவிட்டேன். புதிர் அமைப்பவர்கள் முதல் நகர்த்தல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருப்பார்கள், இரண்டாவது விடை கிடைத்தால் புதிரே செல்லாது. அந்தக் கறாரை நான் மதிக்கிறேன். இங்கே காஸ்லிங் விஷயத்தைக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டேன், தப்புதான்.

புதிர் உலகில் இதற்கு ஒரு பொது வழக்கம் உண்டு. ராஜாவும் யானையும் தங்கள் இடத்தில் இருந்தால் காஸ்லிங் செய்யலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், முடியாது என்று நிரூபித்தால் மட்டும் மறுக்கலாம். போகிற வழியில் சிப்பாயை வெட்டும் விதிக்கு நேர் எதிர்: எதிராளி சற்றுமுன் அந்தச் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார் என்று நிரூபித்தால்தான் வெட்டலாம். கோர்ட்டு மாதிரி, நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது.

நெல்லை கோச் | சனி, காலை 10.15

நான் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த மாதிரிப் புதிர்களைப் பயிற்சியில் நான் கொடுப்பதில்லை. பையன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆடும்போது "எதிராளி கடைசியாக என்ன ஆடினான்?" என்று துப்பறிய வேண்டியதில்லை, கண்ணெதிரே பார்த்திருப்பான், தாளில் எழுதியும் இருப்பான். கொக்கி, ஊசி, இரட்டைத் தாக்கு என்று நாங்கள் சொல்லும் தாக்குதல் உத்திகளில் நூறு புதிர் போட்டால் ஆட்டத்தில் அப்படியே உதவும். வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒரு பிள்ளை என்னிடம் இருக்கிறது.

வித்தியாசமாக ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் ஐரோப்பிய செஸ் மேதை ரிச்சர்ட் ரெட்டி 1921-ல் வெளியிட்ட நிலையைக் கொடுப்பேன். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா. மொத்தம் நான்கு காய். கறுப்புச் சிப்பாய் ஓடிவிடும், நம் ராஜா இரண்டு கட்டம் பின்தங்கிவிட்டது, நம் சிப்பாயைக் கறுப்பு ராஜா பிடித்துவிடும் என்றே தோன்றும். ஆனால் ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாட்டில் நடந்தால் இரண்டு வேலையும் ஒரே நடையில் நடக்கிறது. கறுப்பு சி6-ஐ வெட்டினால் எஃப்4 போய் அந்தச் சிப்பாயைப் பிடிக்கலாம். வெட்டாமல் சிப்பாயை ஓட்டினால் டி6 போய் நம் சிப்பாயை ராணி ஆக்கலாம். இது ஆட்டத்தில் வரும். இதைச் செய்து காட்டினால் பிள்ளைகளின் கண் விரியும்.

மல்லிகா டீச்சர் | சனி, மாலை 5.40

கோச் சார், நான் கணக்கு டீச்சர், செஸ்ஸில் சுமார்தான். முதல் புதிரின் நிரூபணத்தை அப்படியே வகுப்பில் சொல்லலாம் போலிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் "இதனால் இது, ஆகவே அது இருக்க முடியாது" என்று ஒரு பிள்ளையை எழுத வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இங்கே நான்கு காயை வைத்துக்கொண்டு அதே வேலை நடக்கிறது, பிள்ளைக்கு நிரூபணம் எழுதுகிறோம் என்ற பயமும் இல்லை. ஆட்டத்துக்கு உதவாமல் போகட்டுமே.

எட்டு ராணிகளைப் பலகையில் ஒன்றையொன்று தாக்காமல் வைக்கும் புதிரை நான் வகுப்பில் கொடுத்ததுண்டு. மாக்ஸ் பெஸ்ஸல் 1848-ல் கேட்டது. மொத்தம் 92 விடை, திருப்பிப் போட்டும் கண்ணாடியில் காட்டியும் வருபவற்றை ஒன்றாக எண்ணினால் 12. பிள்ளைகள் பட்டாணியை வைத்து ஆடினார்கள். ஏழு ராணி உட்கார்ந்த பிறகு எட்டாவதுக்கு இடம் இல்லாமல் முழிக்கும் அந்த ஐந்து நிமிடம் வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

சிப்பாய் | சனி, இரவு 9.20

இரண்டாம் புதிரில் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. பஸ்ஸிலும் அதே நினைப்பு. எதுவரை வந்திருக்கிறேன் என்று சொல்கிறேன்.

வெள்ளைக் குதிரை ஏ8 யானையை வெட்டினால் அங்கிருந்து பி6, சி7 இரண்டைத்தான் தாக்கும். அவ்வளவு சீக்கிரம் கறுப்பு ராஜா அங்கே போய் மாட்டிக்கொள்ள வழியில்லை. எச்8 என்றால் எஃப்7, ஜி6. எஃப்7-க்கு ராஜா வரலாம்! அதனால் இப்படி: 1.இ4 எஃப்6. 2.குதிரை எஃப்3, ராஜா எஃப்7. 3.குதிரை எச்4, ராணி இ8. 4.குதிரை ஜி6, கறுப்பு சும்மா ஏ6. 5.குதிரை எச்8 யானையை வெட்டி செக்.

ராஜாவைச் சுற்றி எல்லாம் அதன் சொந்தக் காய்கள், ஜி6-ஐக் குதிரை பார்த்துக்கொள்கிறது. ஒரே ஒரு கட்டம், இ6, திறந்து கிடக்கிறது! ஏ6-க்குப் பதில் சிப்பாயை இ6-ல் வைத்தால் இ7 திறந்துகொள்கிறது. பானையில் ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று.

கட்டம்64 | சனி, இரவு 9.45

தம்பி, இதைப் படித்து எழுந்து நின்றுவிட்டேன். உங்கள் நிலையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன், அத்தனையும் சரி. விடை இல்லை, ஆனால் ஒரே கட்டத்தில் தவறுகிறது. இந்தப் புதிரை எத்தனையோ பேரிடம் கொடுத்திருக்கிறேன், இவ்வளவு நெருங்கிய தப்பை யாரும் காட்டியதில்லை.

ஒரே ஒரு குறிப்பு. என் கேள்வியை மறுபடி ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். நான் சொல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்துப் படித்திருக்கிறீர்கள்.

வடகரை | ஞாயிறு, காலை 6.50

இந்த இழையில் ஸ்ரீரங்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. வேதாந்த தேசிகர் அரங்கனின் பாதுகைகளைப் பாடிய பாதுகா சஹஸ்ரத்தில் சித்திரகவிக்கென்றே, அதாவது எழுத்துகளைக் கட்டத்திலும் படத்திலும் அடைக்கும் பாட்டுக்கென்றே, ஒரு பகுதி இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு சுலோகங்கள். முதல் சுலோகத்தில் நான்கு பாதம், பாதத்துக்கு எட்டு எழுத்து, ஆக 32. அதாவது அரைப் பலகை. நான்கு வரிசையில் எட்டெட்டுக் கட்டமாக அதை எழுதி, முதல் எழுத்திலிருந்து செஸ் குதிரை தாவுவதுபோலத் தாவி, ஒரு கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் 32 கட்டத்தையும் படித்தால் இரண்டாவது சுலோகம் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பொருள். முழு நூலையும் ஒரே இரவில் பாடினார் என்பது சம்பிரதாயம்.

இப்படிக் குதிரைத் தாவலில் எல்லாக் கட்டத்தையும் சுற்றிவரும் குதிரைப் பயணத்தில் முதல் ஆள் தேசிகர் என்று நான் சொல்லவில்லை. காஷ்மீரத்து ருத்ரடர் 9ஆம் நூற்றாண்டிலேயே காவியாலங்காரத்தில் இதைச் செய்திருக்கிறார், அரபுப் பக்கமும் அதே காலத்தில் இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் கணித மேதை ஆய்லர் இதைக் கணக்காக எடுத்து ஆராய்ந்தது 1759-ல், தேசிகருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு கழித்து. ஆனால் குதிரை போகும் வழியைக் கண்டுபிடிப்பதே கடினம், அந்த வழியிலும் நேர்வழியிலும் சந்தம் கெடாமல் பொருள் தரும் பாட்டு எழுதுவது எப்பேர்ப்பட்ட வேலை! சிறுவயதில் தாத்தா சிலேட்டில் கட்டம் போட்டு, விரலால் தாவித் தாவிக் காட்டினார். நான் செஸ் பலகையைப் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

பின்னிரவு | ஞாயிறு, காலை 9.30

வடகரை ஐயா, இதை இன்றைக்கே ஒரு தாளில் செய்து பார்க்கப் போகிறேன். நன்றி.

கோச் சாருக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. நான் மென்பொருள் எழுதுகிறவன். செஸ் என்ஜினிடம், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலிடம், முதல் புதிரைக் கொடுக்கும்போது, கறுப்புக்குக் காஸ்லிங் உரிமை உண்டா இல்லையா என்று நாம்தான் சொல்ல வேண்டும். நிலையை எழுதும் முறையிலேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. "உண்டு" என்று தட்டினால் அது நம்பிவிடும், இந்த நிலைக்கு அப்படி ஓர் உரிமை இருக்கவே முடியாது என்று அதற்குத் தெரியாது. அதற்கு நேற்று என்பது கிடையாது. சிப்பாய் தம்பி காலை ஏழு மணிக்குக் கேட்ட சந்தேகம் அதற்கு வரவே வராது.

2017-ல் பென்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட நிலையும் நினைவுக்கு வருகிறது. கறுப்புக்கு மூன்று பிஷப், மூன்றும் கறுப்புக் கட்டத்தில். காய்களை எண்ணிப் பார்த்த அன்றைய என்ஜின்கள் கறுப்புக்கே பெரிய வெற்றி என்றன. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாத்திக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று மனிதருக்குச் சட்டென்று தெரிகிறது.

நெல்லை கோச் | ஞாயிறு, பகல் 12.40

டீச்சரும் பின்னிரவும் சொல்வது புரிகிறது. புத்திக்கு நல்லது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கவலை நேரம்தான். போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கொடுக்க மாட்டேன். மே மாத லீவில் கொடுத்துப் பார்க்கிறேன்.

ஆனால் புதுக் காய்களைக் கண்டுபிடித்து ஆடும் புதிர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் வெட்டுக்கிளி என்று ஒரு காயைக் காட்டினார், அது செஸ்ஸே இல்லை.

கட்டம்64 | ஞாயிறு, பகல் 1.30

வெட்டுக்கிளி டி. ஆர். டாசன் 1913-ல் உருவாக்கிய காய். ராணியின் திசைகளில் போகும், ஆனால் வழியில் ஒரு காய் இருக்க வேண்டும், அதைத் தாண்டி அடுத்த கட்டத்தில் குதிக்கும். தாண்ட ஒன்றும் இல்லையென்றால் நகராது. மற்றவர்கள் நின்றால்தான் இதற்கு உயிர். உண்மையைச் சொன்னால் எனக்கும் இந்த வகையில் ஈடுபாடு குறைவு. விதிகள் அப்படியே இருக்க, கேள்வி மட்டும் மாறுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

அதில் உதவி மேட் என்று ஒன்று உண்டு. மாக்ஸ் லாங்கே 1854-லேயே போட்டிருக்கிறார். இப்போதைய வழக்கப்படி கறுப்பு முதலில் ஆடும், இரண்டு பக்கமும் சேர்ந்து கறுப்பு ராஜாவை மேட் ஆக்க வேண்டும். சண்டையே இல்லை. நிறைய காய்கள் ஒதுங்கி, வழிவிட்டு, சரியான நேரத்தில் சரியான இடத்தில் வந்து நிற்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதுபோல ஒவ்வொருவரும் முறை தெரிந்து நகர வேண்டும். எதிராளியை வெல்லும் பழக்கம் கையில் ஊறியவர்களுக்கு முதலில் மூளை ஒத்துழைக்காது.

இந்திய நிலம் சம்பந்தப்பட்டதும் ஒன்று உண்டு. 1845-ல் லண்டனில் ஸ்டான்டன் நடத்திய செஸ் இதழுக்கு இந்தியாவிலிருந்து "ஷாகிர்த்" என்ற புனைபெயரில் ஒரு புதிர் போனது. ஷாகிர்த் என்றால் சீடன். எழுதியவர் இங்கே பாதிரியாராக இருந்த ஹென்றி அகஸ்டஸ் லவ்டே. ஒரு காய் ஒரு கட்டத்தைத் தாண்டிப் பின்னால் போய் உட்காரும், பிறகு அந்தக் கட்டத்தில் நம்முடைய இன்னொரு காய் வந்து வழியை மறிக்கும். கறுப்பு ராஜாவுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அது நகர்ந்ததும் மறைப்பு விலகி மேட். இன்றுவரை உலகம் முழுக்க இந்த உத்திக்கு "இந்தியக் கரு" என்றுதான் பெயர்.

மல்லிகா டீச்சர் | ஞாயிறு, இரவு 8.15

சிப்பாய் தம்பி, மன்னிக்க வேண்டும், நான் முந்திக்கொண்டேன். "சொல்லாத ஒன்றைச் சேர்த்துப் படித்தீர்கள்" என்ற குறிப்பில் கிடைத்துவிட்டது. மேட் வைப்பது வெள்ளை என்று எங்கே சொல்லியிருக்கிறது? ஐந்தாவது நகர்த்தல் கறுப்புக்கும் உண்டு!

1.இ4, கறுப்புக் குதிரை எஃப்6.
2.எஃப்3, குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது.
3.வெள்ளை ராணி இ2, குதிரை ஜி3.
4.ராணி இ7 சிப்பாயை வெட்டி செக், கறுப்பு ராணி அதை வெட்டித் திருப்பி செக்.
5.வெள்ளை ராஜா எஃப்2, குதிரை எச்1 யானையை வெட்டி மேட்.

இ கோடு முழுக்கக் கறுப்பு ராணி கையில். எஃப்1, ஜி1, ஜி2, எஃப்3 எல்லாம் வெள்ளையின் சொந்தக் காய்கள். மீதி ஜி3, அதை எச்1-ல் இருக்கும் குதிரையே தாக்குகிறது. அரிசி களையும்போது தோன்றியது, கையைத் துடைக்காமல் வந்து எழுதுகிறேன்.

சிப்பாய் | ஞாயிறு, இரவு 8.50

அய்யோ டீச்சர்! குதிரையை எஃப்7, ஜி6 என்று அந்தப் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் குதிரை என்று மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. முந்திக்கொண்டதற்கெல்லாம் மன்னிப்பு எதற்கு, நான் இன்னும் ஒரு வாரம் அங்கேயே நின்றிருப்பேன்.

கட்டம்64 | ஞாயிறு, இரவு 9.10

டீச்சருக்கு வணக்கம். முழுக்கச் சரி.

சிப்பாய், உங்கள் பெயருக்காகவே ஒரு கதை. அமெரிக்கப் புதிர் மன்னர் சாம் லாய்டு தன் நண்பரிடம் ஒரு புதிரைக் காட்டி, "இதில் மேட் வைக்கவே முடியாத காய் எது, சொல்" என்று பந்தயம் கட்டினார். நண்பர் தயங்காமல் பி2 சிப்பாயைக் காட்டினார். ஐந்தே நகர்த்தலில் அந்தச் சிப்பாய்தான் ஏ8 வரை போய், ராணியாகி மேட் வைக்கிறது. 1861-ல் அச்சில் வந்தது.

நெல்லை கோச் | ஞாயிறு, இரவு 10.05

சிப்பாய் பேச்சு வந்ததால் என் பங்குக்கு ஒன்று. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். 1895-ல் கிளாஸ்கோவில் ஒரு பத்திரிகையில் இதை டிரா என்றுதான் போட்டார்கள். அங்கே இருந்த ஸ்பானியப் பாதிரியார் சாவெட்ரா வெற்றி வழியைக் கண்டுபிடித்தார். செஸ்ஸில் அவர் பெயர் நிலைத்தது இந்த ஒன்றால்தான்.

சிப்பாய் | திங்கள், இரவு 9.30

கோச் சார், இதுவரை வந்துவிட்டேன். 1.சி7, யானை டி6-ல் செக். ராஜா பி7 போனால் யானை டி7-ல் சிப்பாயைக் கட்டிவிடும், சி5 போனால் டி1 வழியாகப் பின்னால் வந்துவிடும். அதனால் பி5, பி4, பி3 என்று செக்குக்குச் செக் இறங்கி 5.ராஜா சி2. இங்கே கறுப்பு யானை டி4 போகிறது. நான் சி8-ல் ராணி வைத்தால் யானை சி4-ல் செக், ராணியால் வெட்டினால் ஸ்டேல்மேட், செக் இல்லாமலே கறுப்புக்கு ஆட நகர்த்தல் இல்லாமல் போய் டிரா. மாட்டிக்கொண்டேன்.

நெல்லை கோச் | திங்கள், இரவு 9.42

சி8-ல் எதை வைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சிப்பாய் | திங்கள், இரவு 10.26

யானை!! சி8-ல் யானை. அப்போது சி4-ல் செக் வைத்தாலும் நான் வெட்டினால் ஸ்டேல்மேட் இல்லை, அந்த ராஜாவுக்கு ஏ2 இருக்கிறது. நானோ ஏ8-ல் மேட் என்று மிரட்டுகிறேன். அதைத் தடுக்க அவர் யானையை ஏ4-க்குத்தான் கொண்டுவர வேண்டும். நான் ராஜாவை பி3-ல் வைக்கிறேன். யானையும் அடிபடுகிறது, சி1-ல் மேட்டும் நிற்கிறது. இரண்டையும் அவரால் காப்பாற்ற முடியாது.

சார், அடுத்ததைப் போடுங்கள்.